அஞ்சு மணிக்கு நின்ற காற்று

அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு கோலில் தோற்றோம். ஊரெல்லாம் எங்கள் கோல்கீப்பரைத் திட்டியது. திட்டியிருக்க வேண்டியது என்னை. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது என்றால் நான் எப்பேர்ப்பட்ட தைரியசாலி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் பாலக்காட்டில் ஒரு கல்லூரியின் பௌதிக லேபரட்டரியில் டெமான்ஸ்ட்ரேட்டர். புரொபசர் பாடம் சொல்லிவிட்டுப் போவார், நான் கம்பியும் கண்ணாடியும் வைத்து அவர் சொன்னது நிஜம்தான் என்று பையன்களுக்குக் காட்ட வேண்டும். தற்காலிக வேலை. ஏப்ரலில் நிரந்தரம் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பிரின்ஸிபால் முடிவு செய்வார் என்று பேச்சு. பிரின்ஸிபால் வெள்ளைக்காரர், நல்ல மனுஷர்தான், ஆனால் அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே உள்ள எருத்தேன்பதி. எங்கள் வீட்டில் ஏர் பிடிக்காமல் படிப்புக்குப் போனவன் நான் ஒருத்தன்தான், அந்த மண்டைக்கனம் எனக்கு நிறைய இருந்தது. கோபமும் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். கோயமுத்தூரில் படித்த காலத்தில் நான் ஃபுட்பால் ஆடியவன் என்பது எப்படியோ தெரிந்து, கல்லூரி டீமையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். கட்டினார்கள் என்று சொல்கிறேனே தவிர, உள்ளூர எனக்கு அதில் ஒரே குஷி.

கோல்கீப்பர் சின்னக்கானல் மலையிலிருந்து வந்தவன். இருபது வயசு. நெட்டைக் கை, பேச்சு குறைச்சல். அப்பாவுக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். அவனுடைய எஸ்டேட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, வாத்தியார்தான் இல்லை. எந்த வாத்தியார் வந்தாலும் குளிரும் அட்டைக்கடியும் தாங்காமல் ரெண்டு மாசத்தில் இறங்கிவிடுவாராம். நான் அந்தக் குளிர்லயே பொறந்தவன், நான் போனா இறங்க மாட்டேன் ஸார் என்பான். அதற்கு அவன் மிஷன் நடத்தும் ஆசிரியப் பயிற்சியில் சேர வேண்டும். சேர, பிரின்ஸிபால் கையெழுத்திட்ட நன்னடத்தைக் கடிதம் வேண்டும். அது இல்லாதவனை மிஷன் வாசற்படியிலேயே திருப்பி அனுப்பிவிடும். அவன் கல்லூரிக்கு வந்ததே அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

இனி காற்று. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ரெண்டு மலைக்கும் நடுவில் உள்ள கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து காற்று நுழையும். கூரை ஓட்டைக் கிளப்பும், வேட்டியைப் பிடித்து இழுக்கும், கண்ணில் மண்ணை வாரிப் போடும். எங்கள் மைதானம் கிழக்கு மேற்காகக் கிடந்தது. ஆகவே தை மாசத்தில் எங்கள் மைதானத்தில் நடக்கும் ஆட்டத்தில் பாதி ஆட்டம் காற்றுதான் ஆடும். எந்தப் பாதியில் அது நம் பக்கம் என்பதுதான் கேள்வி.

இறுதி ஆட்டம் கடற்கரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு, எங்கள் மைதானத்தில், ஒரு சனிக்கிழமை என்று முடிவானதும் நான் ஒரு காரியம் செய்தேன். லேபரட்டரி மொட்டைமாடியில் நாலு காகிதக் கிண்ணத்தை ஒரு குச்சியில் கோத்துச் சுழலவிட்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். பத்து நாள். பகல் பன்னிரண்டு, ரெண்டு, மூன்றரை. நாலு மணிக்கு அட்டெண்டர் லேபரட்டரியைப் பூட்டிவிடுவார், அதனால் அதோடு சரி. மூன்று வேளையும் காற்று குறையவே இல்லை. பிரின்ஸிபால் ஒருநாள் மாடிக்கே வந்து பார்த்துவிட்டு, ஆட்டத்தை இப்படி அறிவோடு அணுகுகிற ஆளை நான் இந்தத் தேசத்தில் பார்த்ததில்லை என்றார். எனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை. ஏப்ரல் கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

என் திட்டம் இதுதான். டாஸ் ஜெயித்தால் முதல் பாதியில் எதிர்க்காற்றில் ஆடுவது. பல்லைக் கடித்துக்கொண்டு கோல் வாங்காமல் நிற்பது. எதிராளிகள் களைத்த பிறகு ரெண்டாம் பாதியில் காற்றை முதுகில் வைத்துக்கொண்டு அடிப்பது. ஆட்டம் மூன்றரைக்கு என்று வைத்திருந்ததால் இதில் தப்பே இல்லை. ஆனால் அன்றைக்கு ஷொர்ணூரில் ரயில் மாறி வர வேண்டிய கடற்கரைப் பையன்கள் முக்கால் மணி நேரம் தாமதமாக ஒலவக்கோட்டில் இறங்கினார்கள். ஆட்டம் நாலேகாலுக்குத் தள்ளிப் போயிற்று. அந்த முக்கால் மணி நேரத்தில் நான் என்ன செய்தேன்? டீ ஆற்றிக் கொடுத்தார்களா, மைதானத்துச் சுண்ணாம்புக் கோடு அழியாமல் இருக்கிறதா, பிரின்ஸிபாலுக்கு நாற்காலி வந்ததா என்று பார்த்தேன். காற்றைப் பற்றி ஒரு வினாடி யோசிக்கவில்லை. அதுதான் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறதே.

வந்தவர்களில் ஃபுல்-பேக் ஆடிய ஒருத்தன் எங்கள் கோல்கீப்பரைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டான். பக்கத்து எஸ்டேட்டாம், ரெண்டு பேரும் ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களாம். தோளில் கை போட்டுக்கொண்டு நின்று பேசினார்கள், சிரித்தார்கள். மைதானமே அதைப் பார்த்தது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாஸ் எங்களுக்கு விழுந்தது. எங்கள் கேப்டன் கல்பாத்திப் பையன், நன்றாக ஆடுவான், நன்றாகக் கத்துவான். அவன் என்னைப் பார்த்தான், நான் கிழக்கைக் காட்டினேன். எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டோம். முதல் பாதி முப்பது நிமிஷமும் பையன்கள் பட்ட பாடு இருக்கிறதே, நாங்கள் உதைத்த பந்து திரும்பி வந்து எங்கள் மூஞ்சியிலேயே விழுந்தது. அவர்கள் சும்மா தட்டிவிட்ட பந்து குண்டு மாதிரி வந்தது. மூன்று தடவை கோல் விழுந்தே விட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று தடவையும் அந்தச் சின்னக்கானல் பையன் பறந்து விழுந்து பிடித்தான். மூன்றாவது தடவை கோல் கம்பத்தில் இடித்து விலாவில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அவன் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றான். இடைவேளை வந்தபோது ரெண்டு பக்கமும் கோல் இல்லை. என் திட்டம் அப்படியே பலித்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை உப்பில் தொட்டுச் சப்பிக்கொண்டிருந்த பையன்கள் என்னை ஏதோ பெரிய தளபதியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

அன்றைக்கு என் அண்ணன் வந்திருந்தார். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட பாலக்காட்டுக்கு வந்தவர், தம்பி டீமின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கயிற்றுக்கு அந்தப் பக்கம் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கமாகப் போனபோது கூப்பிட்டார்.

"தம்பி, காத்து உழுகற நேரமாச்சு, இப்ப நின்னு போயிரும். இனி இதை நம்பாதே."

எனக்குச் சுருக்கென்று வந்தது. ரெண்டடி தள்ளிப் பிரின்ஸிபால் நாற்காலியில் இருக்கிறார், இவர் இங்கே முழங்காலில் மண்ணோடு உட்கார்ந்து எனக்குக் காற்றைப் பற்றிச் சொல்கிறார்.

"இது உங்க களத்துமேடு இல்லீங்ணா. பத்து நாளா அளந்து வெச்சிருக்கேன்."

அண்ணன் சரி என்று தலையாட்டினார், அவ்வளவுதான். பக்கத்தில் தொட்டித் தண்ணீரில் விலாவைக் கழுவிக்கொண்டிருந்த கோல்கீப்பர் நிமிர்ந்து பார்த்தான். அவன் காதில் எல்லாம் விழுந்திருந்தது.

நான் அவனைத் தனியாக அழைத்துப் போனேன். இந்தப் பாதியில் அவர்கள் எதிர்க்காற்றில் உதைக்க வேண்டும், எவ்வளவு ஓங்கி உதைத்தாலும் பந்து பாதி வழியில் விழும். ஆகவே நீ கோலுக்குள் நிற்காதே. பெனால்ட்டி கோட்டைத் தாண்டிப் பத்தடி முன்னால் வந்து நில். விழுகிற பந்தைக் காலால் நிறுத்து, ஓங்கி மேலே உதை, காற்று அதை அவர்கள் கோல் வரைக்கும் கொண்டுபோகும். நீயே நமக்கு இன்னொரு ஃபார்வர்ட் மாதிரி. இதையெல்லாம் நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். காத்து நின்னுட்டா ஸார்?

"நிக்காது. அப்படி நின்னா நான் கைக்குட்டைய எடுத்து வீசறேன், பின்னால போ. நான் சொல்ற வரைக்கும் ஒரு அடி நகரக் கூடாது. யார் கத்தினாலும் சரி."

சரி ஸார் என்றான். கேப்டனிடம் இதை நான் சொல்லவில்லை. விசில் ஊதிவிட்டார்கள், நேரமில்லை என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், கேப்டன் எதிர்த்துப் பேசுவான், எனக்கு எதிர்ப்பேச்சு பிடிக்காது.

ரெண்டாம் பாதியில் முதல் அஞ்சு நிமிஷம் நான் சொன்னபடியே நடந்தது. மூலைக் கொடிகள் படபடத்தன, அவர்கள் உதைத்த பந்து ஆகாயத்தில் நின்று யோசித்துவிட்டுக் கீழே விழுந்தது, எங்கள் கோல்கீப்பர் காலால் நிறுத்தி உதைத்தான், அது அவர்கள் கோல் கம்பத்துக்கு மேலே பறந்தது. பிரின்ஸிபால் என் பக்கம் திரும்பித் தொப்பியைத் தொட்டார். அப்புறம் கொடி ஒரு தடவை தொங்கியது. மறுபடி எழுந்தது. மறுபடி தொங்கியது. பத்தாவது நிமிஷம் வாக்கில் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. மைதானத்தில் கிளம்பின புழுதி கிளம்பின இடத்திலேயே இறங்கியது. களத்துமேட்டில் வளர்ந்தவனுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பார்க்கவில்லை என்று நான் சொன்னால் அது புளுகு. பார்த்தேன். பையில் கையை விட்டுக் கைக்குட்டையை இறுக்கிப் பிடித்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருப்பது தெரிந்தது. அவர் பக்கம் திரும்பாமலே அவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. இந்தப் பக்கம் பிரின்ஸிபால். கைக்குட்டையை எடுத்தால், பத்து நாள் மாடியேறி நான் எழுதினது குப்பை, முழங்காலில் மண்ணோடு உட்கார்ந்திருக்கும் மனுஷன் சொன்னது சரி என்று மைதானத்துக்கே காட்டுகிற மாதிரி. கொஞ்சம் பொறுப்போம், காற்று திரும்பி எழும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நிமிஷம். இன்னும் ஒரு நிமிஷம். அந்தப் பையன் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அசையவில்லை. பின்னால போடா, ஏன்டா அங்க நிக்கறே என்று கேப்டன் தொண்டை கிழியக் கத்தினான். கோல்கீப்பர் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அதையும் மைதானமே பார்த்தது. மறுபடியும் என்னைப் பார்த்தான்.

ஆட்டம் முடிய மூன்று நிமிஷமோ நாலு நிமிஷமோ இருந்தது. அந்தப் பக்கத்து எஸ்டேட் ஃபுல்-பேக் தன் கோலுக்கு முன்னால் வந்த பந்தைத் தொல்லை தீர்ந்தால் போதும் என்று ஓங்கி ஒரு உதை உதைத்தான். அவனே அதைக் கோல் என்று நினைத்து உதைக்கவில்லை. தடுக்க ஒரு பொட்டுக் காற்று இல்லை. பந்து வந்தது, வந்துகொண்டே இருந்தது, எங்கள் கோல்கீப்பர் தலைக்கு மேல் போயிற்று. அவன் திரும்பி ஓடினான். பந்து ஒரு தடவை தரையில் குதித்தது. அவன் பாய்ந்ததில் விரல் நுனி பட்டது, ஆனாலும் உள்ளே போய்விட்டது.

அப்போதுதான் என் கை கைக்குட்டையை வெளியே எடுத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

விசில் ஊதி முடிக்கும் முன்பே பேச்சு கிளம்பிவிட்டது. வேணும்னே விட்டான். கட்டிப்பிடிச்சு நின்னாங்களே, அப்பவே பேசி வெச்சாச்சு. உதைச்சவன் யாரு, இவன் சிநேகிதன். கேப்டன் அத்தனை கத்தியும் நகரலையே. ஒவ்வொன்றும் கண்ணால் கண்டது, ஒவ்வொன்றும் நிஜம், சேர்த்துப் பார்த்தால் பச்சைப் பொய். ஹாஸ்டலில் அன்றைக்கு அவன் உட்கார்ந்த வரிசையிலிருந்து மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பிரின்ஸிபால் அறையில் விசாரணை என்று சீட்டு வந்தது. குற்றம் உறுதியானால் நன்னடத்தைக் கடிதம் கிடையாது என்று கேப்டன் என்னிடம் சொன்னான். அவனுக்கே அதில் சந்தோஷம் இல்லை. ஏன் ஸார் அவன் அங்க நின்னான், நேக்குப் புரியவே இல்லை என்றான். அப்போது அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீட்டுக்காரியிடம் காரணம் சொல்லாமல் அண்ணன் வண்டியில் ஊருக்குக் கிளம்பினேன். டவுனில் முகம் காட்ட முடியவில்லை. வண்டி ஆடி ஆடிப் போகிற வழியெல்லாம் என் மண்டைக்குள் ஆட்டம் திரும்பத் திரும்ப நடந்தது. டாஸில் காற்றோடு ஆடியிருந்தால் முதல் பாதியிலேயே ரெண்டு கோல் போட்டிருப்போம். ரயில் தாமதம் என்று தெரிந்ததும் திட்டத்தை மாற்றியிருந்தால். கேப்டனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். எங்கே தொடங்கினாலும் கடைசியில் பைக்குள் இருந்த கையில்தான் வந்து நின்றது. மற்றதெல்லாம் தப்புக் கணிப்பு, யாருக்கும் நேரும். அது ஒன்றுதான் தெரிந்தே செய்தது. அண்ணன் மாட்டோடு பேசினார், என்னோடு ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் களத்தில் அண்ணி கம்பு தூற்றிக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாலரைக்கு உமி பறந்து வேலி தாண்டியது. நாலேமுக்காலுக்கு வேலிக்கு இந்தப் பக்கமே விழுந்தது. அஞ்சுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது உமியும் மணியும் அண்ணி காலடியிலேயே ஒன்றாக விழுந்தன. அவர் யாரும் சொல்லாமல் முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். இருபத்தஞ்சு வருஷம் நான் பார்த்து வளர்ந்த காட்சி. நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினேன்: மாலை ஐந்து, காற்று இல்லை.

அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"நாளைக்குச் சொல்லிப்போடுவீல்ல தம்பி?"

எனக்குத் தெரியாதுங்களா என்று எரிந்து விழுந்தேன். சொல்லத்தான் போகிறேன் என்ற நிச்சயம் அப்போது எனக்கு இருந்தது. பொய் இல்லை.

திங்கட்கிழமை விடிகாலையில் கொழிஞ்சாம்பாறைக்கு நடந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தேன். மூன்று மணிக்கு அந்த அறையில் அஞ்சு பேர். பிரின்ஸிபால், விளையாட்டுக் கமிட்டித் தலைவரான கணக்குப் புரொபசர், கேப்டன், கோல்கீப்பர், நான். கேப்டன் நடந்ததை நடந்தபடி சொன்னான், ஒரு வார்த்தை கூட்டவில்லை. பக்கத்து எஸ்டேட் சிநேகிதனோடு என்ன பேசினாய் என்று கோல்கீப்பரைக் கேட்டார்கள். அவன் அம்மாவுக்குச் சுகமில்லை, அதைக் கேட்டேன் என்றான். பிறகு பிரின்ஸிபால் முன்னால் சாய்ந்து நிதானமாகக் கேட்டார். அங்கே நிற்கச் சொல்லி உனக்கு யாராவது சொன்னார்களா?

அவன் என்னைப் பார்த்தான்.

என் கை மறுபடி பைக்குள் இருந்தது. நான் என்ன நினைத்தேன் என்று அப்படியே சொல்கிறேன், அழகுபடுத்தவில்லை. ஏப்ரலை நினைத்தேன். மாடிக்கு வந்து பாராட்டின மனுஷர் இப்போது எப்படிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அப்புறம் அதைவிடக் கேவலமாக ஒன்று நினைத்தேன். அவனே சொல்லட்டும், சொன்னதும் நான் ஆமாம் என்று ஒத்துக்கொள்கிறேன், மறுக்கவா போகிறேன்? முதல் வார்த்தையை அவன் எடுக்க வேண்டும் என்று காத்திருந்தேன். அவன் முதல் வார்த்தையை நான் எடுக்க வேண்டும் என்று காத்திருந்தான். அவனுக்கு அதற்கு உரிமை இருந்தது, எனக்கு இல்லை.

அவன் கண்ணை எடுத்துவிட்டான். இல்லை ஸார், நானாத்தான் நின்னேன் என்றான்.

வேண்டுமென்றே விட்டதற்குச் சாட்சியில்லை, ஆனால் கேப்டன் சொல்லைக் கேட்காமல் டீமைத் தோற்கடித்திருக்கிறான், இவனுக்கு நன்னடத்தை என்று கல்லூரி எழுதிக் கொடுக்க முடியாது என்று கணக்குப் புரொபசர் சொன்னார். பிரின்ஸிபால் பேனாவை எடுத்தார். அப்போது, எல்லாம் முடிந்த பிறகு, எனக்கு வாய் வந்தது. எழுந்து நின்றேன். நான்தான் சொன்னேன், அங்கே நிற்கச் சொன்னது நான், காற்று நின்றதையும் பார்த்தேன், கூப்பிடவில்லை. நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து ஞாயிற்றுக்கிழமை எழுதினதைக் காட்டினேன். எங்கள் ஊரில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும் என்றேன்.

பிரின்ஸிபால் படித்துப் பார்த்தார். அவர் முகம் இளகிற்று. நீங்கள் இப்படித்தான் செய்வீர்கள் என்று எதிர்பார்த்தேன் என்றார். மாணவனுக்காகத் தன் பேரையே பணயம் வைக்கிற ஆசிரியர் கிடைப்பது கஷ்டம் என்றார். ஆனால் அவனே ஒத்துக்கொண்டுவிட்டானே, அவன் செய்த தப்பை நீங்கள் சுமக்க நான் எப்படி அனுமதிப்பேன்? இல்லை ஸார், நிஜம் இதுதான் என்று நான் கத்தினேன் என்று கூடச் சொல்லலாம். அவர் கோல்கீப்பர் பக்கம் திரும்பி, இவர் சொல்வது உண்மையா என்று கேட்டார். அவன் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். மைதானத்தில் ஆட்டின அதே மாதிரி.

வராந்தாவில் அவனைப் பிடித்து நிறுத்தினேன். உனக்கு என்ன பைத்தியமா, உள்ளே போய் நிஜத்தைச் சொல், நானும் கூட வருகிறேன் என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க சொல்ற வரைக்கும் நகரக் கூடாதுன்னு சொன்னீய ஸார். அன்னைக்கும் நின்னேன், இன்னைக்கும் நின்னேன். ரெண்டு தடவையும் உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

இனி நான் மாத்திச் சொன்னா, காயிதத்துக்காகப் பொய் சொல்றவன்னு ஆயிரும் ஸார், அதுக்கு இது தேவலை என்றான். என் கையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அதன் பிறகு நான் சும்மா இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், அதனால் யாருக்கு என்ன லாபம்? பிரின்ஸிபாலை இன்னும் ரெண்டு தடவை போய்ப் பார்த்தேன். ரெண்டாவது தடவை, உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும், இத்தோடு விடுங்கள் என்று கதவு வரை வந்து வழியனுப்பினார். மிஷனுக்கு நானே எல்லாவற்றையும் எழுதிக் கடிதம் போட்டேன். பிரின்ஸிபாலின் கடிதத்தை மட்டுமே ஏற்பதாக நாலு வரியில் பதில் வந்தது. பரீட்சை முடிந்ததும் பங்குனி வெயிலில் அவன் தகரப் பெட்டியோடு கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போகிற பஸ்ஸில் ஏறினான். நான் பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். வாரேன் ஸார் என்றான். எஸ்டேட் ஃபாக்டரியில் அப்பாவோடு வேலைக்குப் போவதாகச் சொன்னான். பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் பேசவில்லை.

ஏப்ரலில் எனக்கு உத்தரவு வந்தது. நிரந்தரம். கூடவே பிரின்ஸிபால் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதியிருந்தார். மாணவரின் குற்றத்தையும் தன்மேல் ஏற்றுக்கொள்ளத் துணிந்த பெருந்தன்மையும் நேர்மையும் உடையவர், இவருடைய நடத்தை எல்லா வகையிலும் மெச்சத்தக்கது என்று. எனக்கு அதைக் கிழித்துப் போடத் தோன்றியது. கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் வேலையையும் விட்டிருக்க வேண்டும். என் வீட்டுக்காரி ஒன்றும் தெரியாமல் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். மாட்டாதே என்று சொல்ல வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

வைகாசியில் அண்ணன் வீட்டுக்கு வந்தார். சட்டத்தைப் பார்த்து, இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்குதே, என்ன தம்பி என்றார். என் வீட்டுக்காரி பெருமையாக என்னையே படித்துத் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன், ஒவ்வொரு வரியாக. அண்ணன் கடைசி வரை கேட்டார்.

"அந்தப் பையனுக்கு என்ன எழுதிக் குடுத்தாங்க?"

"ஒண்ணுமில்லீங்ணா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே வண்டிக்குப் போனார்.